மான்டெரே போகும் அணி

காலை 9.12.

டோரிஸ் ஹேவர் பத்திரிகையாளர் மாடத்தின் ஷட்டரைத் தூக்கினார். மைதானம் முழுதும் கீழே தெரிந்தது. பந்து வீசும் மேட்டின் மேல் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். சாம்பல் நிறக் கோட்டு. அசைவில்லை.

டோரிஸ் கத்தவில்லை. அவருக்கு வயது அறுபத்தொன்று. கெஸ்லர் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் அதிகாரபூர்வ ஸ்கோரராக இருபத்திரண்டு வருடம். அடித்த பந்து நல்ல அடியா, பிடிக்க வேண்டியவன் செய்த பிழையா என்று தீர்ப்பு எழுதுவது அவர் வேலை. எதைப் பார்த்தாலும் கை முதலில் பென்சிலைத் தேடும். இப்போதும் தேடியது. நேரத்தை எழுதினார். பைனாகுலரில் பார்த்து மைதானத்தை வரைந்தார்.

முதல் பேஸ் பக்கம் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியில் சுண்ணாம்பால் இழுத்த எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு செம்மண் பட்டை. அதில் இரண்டு வரிசைக் காலடிகள். ஒன்று தோல் ஷூ, போனது மட்டும். சுண்ணாம்புக் கோட்டின் நடுவே மிதித்து அதைக் கலைத்திருந்தது. இன்னொன்று ரப்பர் பூட்ஸ். போய்த் திரும்பியிருந்தது. அது கடந்த இரண்டு இடங்களிலும் கோடு முழுசாக இருந்தது. அங்கே மட்டும் காலடிகளுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம்.

எல்லாவற்றையும் வரைந்த பிறகுதான் டோரிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். காவலாளியைக் கூப்பிட்டார்.

இறந்தவர் கான்ராட் வெய்ஸ், அணியின் சொந்தக்காரர். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் மேட்டு மண்ணை இறுக்கும் திமிசு கிடந்தது.

அன்று செப்டம்பர் கடைசி ஞாயிறு. பகல் ஒரு மணிக்கு ஹெரன்ஸ் தன் ஊரான கெஸ்லரில் ஆடும் கடைசி ஆட்டம். அடுத்த சீசனில் அணி மெக்சிகோவின் மான்டெரே நகரத்துக்குப் போகிறது. மைதானத்தை இடிக்கும் எந்திரங்கள் இப்போதே வாசலில் வந்து நின்றிருந்தன.

காலை 9.31.

லெப்டினன்ட் மார்வின் புரூக்ஸ் ஏழு பேருடன் வந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்தே நிமிடத்தில் செம்மண் பட்டை முழுக்க ஷூ தடங்கள். முதல் பேஸ் பக்கம் கோடு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. அதற்கு முன் போலீஸ்காரர் ஒருவர் ரப்பர் பூட்ஸ் தடம் ஒன்றை மட்டும் படம் எடுத்திருந்தார்.

பூட்ஸ் டக்அவுட் படியிலேயே கிடைத்தது. பன்னிரண்டாம் நம்பர். வெளியே செம்மண். உள்ளே ஈரம். துணி அஸ்தரில் லேசாக நீலக் கறை. புரூக்ஸ் அதைப் பையில் போட்டார்.

"யாரோடது?"

"நோலனோடது" என்றான் காவலாளி. "நோலன் ரீட்டர். கிரவுண்டைப் பாத்துக்கறவரு."

"ஒன்பது மணிக்குள்ள உள்ள வந்தது யார் யாரு?"

காவலாளி பதிவுத்தாளைப் பார்த்துச் சொன்னான். நோலன், 6.05. டோரிஸ், 8.15. அணியின் கோச் ரஸ் டெலனி, 8.20. மான்டெரே முதலாளிகளின் பிரதிநிதி ஒக்தாவியோ கார்சா, 8.25. வெய்ஸ், 8.30. வேறு யாரும் இல்லை.

"நீங்க எங்க இருந்தீங்கம்மா?" என்று புரூக்ஸ் டோரிஸைக் கேட்டார்.

"கீழ நிலவறைல. பழைய ஸ்கோர் புத்தகமெல்லாம் நாளைக்குக் குப்பைக்குப் போகுது. எடுத்து வைக்க வந்தேன்."

"ஜன்னல் உண்டா?"

"இல்ல. என் பேரையும் எழுதிக்குங்க."

"எழுதிட்டேன்" என்றார் புரூக்ஸ்.

காலை 9.50.

நோலனுக்கு முப்பத்தேழு வயது. உயரம். புல்வளர்ப்பில் பட்டம் வாங்கியவன். பதினோரு வருடமாக இந்த மண்ணோடு இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி மார்சி இறந்த பிறகு பேச்சைக் குறைத்துவிட்டான். கேட்டதற்குப் பதில் வரும். அதற்கு மேல் வராது.

"காலைல என்ன வேலை பண்ணீங்க?"

"மண்ணுக்குத் தண்ணி அடிச்சேன். ரேக் போட்டேன். எட்டு மணிக்கெல்லாம் கோடு இழுத்து முடிச்சுட்டேன். பத்து மணிக்கு உயரத்துல இருந்து போட்டோ எடுக்கறதா இருந்தாங்க."

"அப்புறம்?"

"பூட்ஸைக் கழுவி டக்அவுட்ல காய வெச்சேன். வேற ஷூ மாத்திக்கிட்டேன்."

"எட்டரைல இருந்து ஒன்பது வரைக்கும்?"

"கிரவுண்ட்லதான்."

"கிரவுண்ட்ல எங்க?"

நோலன் நகத்தில் இருந்த மண்ணைச் சுரண்டினான்.

"திமிசு யாரோடது?"

"என்னோடது."

"நகக்கண்ணுல இவ்வளவு மண்ணு?"

"என் வேலையே மண்ணுதான் சார்."

"ஆகஸ்ட் மாசம் ரசிகர் கூட்டத்துல எந்திரிச்சு, இந்த டீமைக் கொண்டுபோறவன் என் மண்ணுக்கு அடியிலதான் போவான்னு சொன்னீங்களாமே. நிஜமா?"

"சொன்னேன்."

"எட்டரைக்கு எங்க இருந்தீங்க?"

நோலன் மைதானத்தின் கோடியைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். அவற்றில் விலங்கு மாட்டினார்கள். பகல் பன்னிரண்டரைக்கு மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

காலை 10.20.

டக்அவுட்டில் ரஸ் டெலனி தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து நாலு வயது. ஒரு காலத்தில் ஹெரன்ஸின் விக்கெட்... அப்படிச் சொன்னால் கிரிக்கெட் ஆகிவிடும். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர். பிறகு ஒன்பது சீசனாகக் கோச். பேஸ்பாலில் கோச்சும் ஆட்டக்காரர்போல முழுச் சீருடையில்தான் இருப்பார். டெலனியின் தொப்பியில் 'போகாதே' என்ற பட்டன் குத்தியிருந்தது. ஜூலையில் டக்அவுட் கூரைமேல் ஏறி, மைக்கைப் பிடித்து, அணியை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று அழுதவர் அவர். ஊரே கூட அழுதது.

"ஜட்ஜம்மா, உக்காரு" என்றார். டோரிஸை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நோலனா? நம்ம நோலனா?"

"நீ எதுவும் பாக்கலையா?"

"எட்டு இருபதுல இருந்து என் ரூம்லதான் இருந்தேன். இன்னிக்கு யாரை எறக்கறதுன்னு எழுதிக்கிட்டு இருந்தேன். வெளியவே வரல."

டோரிஸ் அவர் காலைப் பார்த்தார். "என்ன ரஸ், பேண்ட்டைக் கணுக்கால் வரைக்கும் எறக்கி விட்டுட்ட? முப்பது வருஷமா முழங்காலோட நிறுத்தி நீல சாக்ஸைக் காட்டிக்கிட்டுத் திரிவியே."

"கடைசி நாள். சின்னப் பசங்க மாதிரி ஒரு நாள் போட்டுப் பாக்கலாம்னுதான்."

"நல்லா இல்ல."

"உனக்கு நான் எப்பதான் நல்லா இருந்தேன்? தொண்ணூத்து ரெண்டுல நான் அடிச்சதைப் பிழைன்னு எழுதினவதானே நீ."

"பிழைதான் அது."

இருவரும் சிரிக்க முயன்றார்கள். வரவில்லை.

காலை 10.50.

ஒக்தாவியோ கார்சா விருந்தினர் அறையில் நின்றுகொண்டே பதில் சொன்னார். விலை உயர்ந்த சூட்டு. கருப்பு ஷூ. குரலில் பதற்றம்.

"வெய்ஸ் சார் எட்டு முப்பத்தஞ்சுக்கு இந்த அறைக்கு வந்தாரு. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னாரு."

புரூக்ஸ் நிமிர்ந்தார். "என்னது?"

"மனசு மாறிட்டாரு. டீம் கெஸ்லர்லயே இருக்கட்டும்னாரு. நாளைக்கு லீக்ல அறிவிக்கணும். ரெண்டு வருஷ வேலை. கடைசிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் அப்படியே உக்காந்துட்டேன்."

வெய்ஸின் கோட்டுப் பையில் ஒப்பந்தம் இருந்தது. புரூக்ஸ் எடுத்துப் பார்த்தார். கையெழுத்து இடம் காலி.

"அப்புறம் அவர் எங்க போனாரு?"

"ஒருத்தர்கிட்ட முதல்ல சொல்லணும், மேட்டுலயே நின்னு சொல்லணும்னு சிரிச்சுக்கிட்டே போனாரு. யாருன்னு சொல்லல."

"நீங்க?"

"இங்கதான் தனியா இருந்தேன். சாட்சி இல்ல. எனக்குத் தெரியும் சார், நீங்க என்ன நினைக்கறீங்கன்னு."

"இப்ப அவர் இல்ல. இனிமே யார் முடிவு?"

"அவரோட தங்கச்சிங்க ரெண்டு பேரும். அவங்க முதல்ல இருந்தே விக்கத் தயார்."

"அப்ப டீம் போயிரும்."

"போயிரும்" என்றார் கார்சா. அதைச் சொல்லும்போது அவருக்கே கூசியது. "அங்க எல்லாம் தயாரா இருக்கு. ஸ்டேடியம், சீருடை. கோச் கூட அஞ்சு வருஷத்துக்குப் பேசி முடிச்சாச்சு."

"யாரு?" என்று டோரிஸ் கேட்டார்.

"அறிவிக்கற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன், சென்யோரா."

வராந்தாவில் புரூக்ஸ் டோரிஸிடம் சொன்னார்: "நோலனுக்கு இது தெரியாது. டீமைக் கொண்டுபோறவர்னு நினைச்சு அடிச்சிருக்கான். காப்பாத்த வந்தவரையே கொன்னுட்டான்."

டோரிஸுக்கு ஒன்று உறுத்தியது. வெய்ஸ் சிரித்துக்கொண்டு போனார். நல்ல செய்தியை முதல் ஆளாகக் கேட்டவன் ஏன் அடிக்க வேண்டும்?

காலை 11.20.

டோரிஸ் மைதானத்தின் கோடிக்குத் தனியாக நடந்தார். நோலன் பார்த்த திசை அது. மைய வேலியை ஒட்டிய மண் ஓடுபாதையில் ஒரு முழ அகலத்துக்குப் புதிதாகத் தோண்டிய குழி. பக்கத்தில் மண் தோண்டும் ஒரு கைக்கரண்டி.

நோலனைப் போலீஸ் வேனில் உட்கார வைத்திருந்தார்கள். டோரிஸ் கதவருகே நின்றார்.

"குழியைப் பாத்தேன்."

அவன் கண்ணை மூடினான்.

"நோலன். பன்னிரண்டரைக்குக் கொண்டு போயிருவாங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னான். "மார்சி அங்க இருக்கா."

"என்னப்பா சொல்ற?"

"அவ சாம்பலை அங்க போட்டேன். மூணாவது நாள் காலைல. அவ எப்பவும் அந்த வேலிக்குப் பின்னாடி சீட்டுலதான் உக்காருவா." நிறுத்தினான். "வருஷத்துக்கு நாப்பது அம்பது பேர் எழுதிக் கேப்பாங்க டோரிஸ். எங்கப்பா சாம்பல், எங்க வீட்டுக்காரர் சாம்பல், கிரவுண்ட்ல தூவணும்னு. எல்லாருக்கும் முடியாதுன்னு பதில் டைப் அடிக்கறது நான்தான். அடிச்சுக்கிட்டே, நான் மட்டும் போட்டுட்டேன்."

"அதைத்தான் காலைல தோண்டினியா?"

"எந்திரம் வந்துருச்சில்ல. ஒரு காபி டப்பால அள்ளி லாக்கர்ல வெச்சிருக்கேன்."

"போலீஸ்ல சொல்றதுக்கென்ன?"

"சொன்னா டப்பாவை எடுத்துட்டுப் போயி, சீட்டு ஒட்டி ஒரு ரூம்ல வெப்பாங்க. குடுக்க மாட்டேன்."

டோரிஸ் அவன் தோளைத் தொடப் போனார். தொடவில்லை. நோட்டைத் திறந்து காலையில் வரைந்த படத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார். டோரிஸின் முகம் அவ்வளவு வெளுத்திருந்தது.

காலை 11.45.

"மூணு பேரையும் நடக்க வைங்க" என்றார் டோரிஸ்.

புரூக்ஸுக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"நோலனோட ஷெட்ல அதே மாதிரி இன்னொரு ஜோடி பூட்ஸ் இருக்கு. மூணாவது பேஸ் பக்கம் யாரும் இன்னும் கால் வைக்கல. கோடு அப்படியே இருக்கு. தடம் ஒத்துப் பாக்கணும்னு சொல்லுங்க. டக்அவுட்ல இருந்து மேடு வரைக்கும், போயிட்டு வந்தா போதும். வேற எதுவும் சொல்லாதீங்க."

"கோர்ட்ல இது நிக்காதும்மா."

"கோர்ட்டுக்கு வேற இருக்கு. முதல்ல இதைப் பாருங்க."

முதலில் கார்சா. பூட்ஸ் அவருக்குப் பெரிசு. காலை இழுத்து இழுத்து நடந்தார். கோட்டின் மேலேயே மிதித்துப் போனார். திரும்பும்போதும் மிதித்தார். பூட்ஸ் நுனி வெள்ளையானது.

அடுத்து நோலன். விலங்கைக் கழற்றினார்கள். செம்மண் பட்டையின் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டான்.

"நடங்க" என்றார் புரூக்ஸ்.

"ரேக்?"

"எதுக்கு ரேக்?"

"ரேக் இல்லாம எப்படி நடக்கறது? தடம் விழும்ல. பின்னாடியே இழுத்துக்கிட்டுப் போகணும்." அவன் விளையாடவில்லை. உண்மையிலேயே குழம்பியிருந்தான். கால் எழவில்லை.

மூன்றாவது டெலனி. "இதென்ன சர்க்கஸ் ஜட்ஜம்மா" என்றபடி பூட்ஸை மாட்டினார். கனமாக, வேகமாக நடந்தார். கோட்டருகே வலது காலை எட்டி வைத்துத் தாண்டினார். மேட்டைத் தொட்டுத் திரும்பினார். மறுபடி தாண்டினார்.

தாண்டிய பிறகு நின்றார். குனிந்து கோட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. டோரிஸைப் பார்த்தார்.

பகல் 12.10.

டோரிஸ் நோட்டை புரூக்ஸிடம் நீட்டினார்.

"உங்க ஆளுங்க அழிச்சுட்டாங்க. இதுல இருக்கு. பூட்ஸ் போட்டவன் போகும்போதும் வரும்போதும் கோட்டைத் தாண்டியிருக்கான். மனுஷனை அடிச்சுப் போட்டுட்டு ஓடி வரும்போதுகூட மிதிக்கல. பேஸ்பால் ஆடினவன் எவனும் கோட்டை மிதிக்க மாட்டான். மிதிச்சா அன்னிக்கு விளங்காதுன்னு சின்ன வயசுலயே காலுக்குப் பழகிரும். யோசிச்சுப் பண்றதில்ல."

"நோலனும் தாண்டலாமே. அவன் போட்ட கோடு."

"நோலன் மண்ணுல தடத்தையே விடமாட்டான். இப்பப் பாத்தீங்கல்ல. அவன் கொன்னிருந்தா அங்க ஒரு காலடி கூட இருந்திருக்காது. கார்சாவுக்கு அந்தக் கோடு வெறும் சுண்ணாம்பு. மிஞ்சறது, ரூமை விட்டு வெளியவே வரலைன்னு சொன்ன ஆட்டக்காரர் ஒருத்தர்."

டெலனி படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

"காலைல கெடைச்ச பூட்ஸ் உள்ள ஈரம்" என்றார் டோரிஸ். "நோலன் கழுவி வெச்சது. நீலக் கறை எப்படி வந்துச்சு? நோலன் சாம்பல் கலர் சாக்ஸ். கார்சா கருப்பு. முப்பது வருஷமா நீலக் கம்பளி சாக்ஸைக் காட்டிக்கிட்டு நடந்தவர் இன்னிக்குப் பேண்ட்டை இறக்கி விட்டிருக்காரு. அவர் ரூம்ல பாருங்க லெப்டினன்ட். நனைஞ்ச சாக்ஸ் எங்கயாவது இருக்கும்."

புரூக்ஸ் ஒரு போலீஸ்காரரை அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் அவர் திரும்பினார். பையில் இரண்டு நீலச் சாக்ஸ். இன்னும் காயவில்லை.

"மான்டெரேல கோச் யாரு சார்?" என்று புரூக்ஸ் கார்சாவைக் கேட்டார்.

கார்சா தரையைப் பார்த்தார். "டெலனி சார்தான். ஏப்ரல்லயே கையெழுத்தாயிருச்சு."

ஏப்ரல். அவர் கூரைமேல் ஏறி அழுதது ஜூலை. டோரிஸ் இதை எதிர்பார்த்திருந்தார்.

டெலனி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மேட்டுக்கு வான்னாரு. மண்ணு ஈரமா இருந்துச்சு. படியில இருந்த பூட்ஸை மாட்டிக்கிட்டுப் போனேன். அவ்வளவுதான். வேற எந்த எண்ணமும் இல்ல." குரல் தட்டையாக இருந்தது. "சிரிச்சுக்கிட்டே கையைப் புடிச்சாரு. ரஸ், நீ ஜெயிச்சிட்டடா, அன்னிக்கு நீ அழுததுல இருந்து எனக்குத் தூக்கமில்ல, டீம் இங்கயே இருக்கும்னாரு. நான் பொய்யா அழுதேன் டோரிஸ். போறவன்மேல ஊரு கல்லெறியுமேன்னு அழுதேன். அதைக் கேட்டு மனசு மாறிட்டாரு."

"அதுக்காகவா?"

"அப்புறம் சொன்னாரு. அடுத்த வருஷம் வேற கோச் போடறேன், நீ ரெஸ்ட் எடு, வாசல்ல உனக்கு ஒரு சிலை வெக்கறேன்னு. சொல்லிட்டுத் திரும்பி ஊரைப் பாத்து நின்னாரு. எனக்கு அங்கயும் போச்சு, இங்கயும் போச்சு. திமிசு காலடியில இருந்துச்சு."

"நோலனைக் கூட்டிட்டுப் போறப்ப சும்மா உக்காந்திருந்தியே ரஸ்."

டெலனி எழுந்தார். கைகளை நீட்டினார்.

பகல் 12.40.

ஆட்டம் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கேட்டுக்கு வெளியே பதினெட்டாயிரம் பேர். ஒருவரும் கலையவில்லை. டெலனியைக் கூட்டிப்போன கார் அவர்களுக்கு நடுவே மெதுவாகப் போனது. கண்ணாடி வழியே அவரைப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

கார்சாவின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தார். "தங்கச்சிங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறாங்களாம்" என்றார் யாரையும் பார்க்காமல். அணி போகிறது.

புரூக்ஸ் நோலனிடம் வந்தார். "மன்னிச்சிருங்க. நீங்க கிளம்பலாம்."

"சார், பாதிதான் எடுத்தேன்."

புரூக்ஸுக்கு டோரிஸ் எல்லாம் சொல்லியிருந்தார். மைதானம் செவ்வாய்க்கிழமை வரை போலீஸ் வசம். புதன்கிழமை எந்திரங்களிடம். புரூக்ஸ் போலீஸ் கட்டியிருந்த மஞ்சள் நாடாவரை நடந்தார். பிறகு ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தார். நோலன் குனிந்து உள்ளே போனான்.

டோரிஸ் கூடவே போனார். நோலன் லாக்கரிலிருந்து காபி டப்பாவை எடுத்து வந்திருந்தான். முக்கால்வாசி நிறைந்திருந்தது. குழியருகே மண்டியிட்டுக் கரண்டியால் தோண்டினான். டப்பா நிறைந்தது. நிறுத்தவில்லை. பக்கத்திலேயே குவித்தான். குழி அகலமானது.

"நோலன்" என்றார் டோரிஸ். "எவ்வளவு எடுக்கணும்?"

அவன் கை நின்றது. உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். இரண்டு வருட மழை அதன்மேல் பெய்திருந்தது.

"எது அவ, எது மண்ணுன்னு தெரியல டோரிஸ்."

டோரிஸ் இன்னொரு டப்பா தேடிப் போனார்.